எதிரியின் நத்தை

டிரெஸ்டனின் வடக்கே, ஏழாம் எண் டிராம்
பைன் காட்டை உரசித் திரும்பும் இடத்தில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
அங்கே என் வேலை
எதிரி செய்ததை உரிப்பது.

திருட்டு ஒன்றுமில்லை. கடைக்குப் போய்
வரிசையில் நின்று வாங்குவேன்.
ரசீதின் பின்னால் கணக்குப் பிரிவுக்கு எழுதுவேன்:
செயலி ஒன்று. அறுநூற்று நாற்பது யூரோ.
நோக்கம்: அழித்தல்.

மூடியைச் சூடாக்கி நெம்ப வேண்டும்.
பிறகு புகையும் அமிலம், பிறகு மெருகுச் சக்கரம்.
ஒரு படலம் தேய், ஒரு படம் எடு.
மறுபடி தேய்.
வெங்காயம்தானே கெசீனே, என்பான் ஹாஸ்ஸோ.
வெங்காயத்துக்குள் யார் குடியிருக்கிறார்கள்?
இதற்குள் தெருக்கள் இருக்கின்றன,
அவசரத்தில் ஒட்டுப்போட்ட சுவர்கள்,
யாரோ விடியற்காலை மூன்று மணிக்கு
மனம் மாறி வளைத்த ஒரு கம்பி.

அப்போது அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் செயலிக்கு நாங்கள் வைத்த பெயர்
அவித்த முட்டை. அத்தனை சூடு.
அவர்கள் பங்கு ஒன்றை விற்றால்
ஒரு பீர் வரும், நுரை வராது என்று சிரித்தோம்.
எங்கள் நிதித்தலைவர் காலாண்டு அறிக்கையில்
அவர்களைப் பெயர் சொல்லாமல்
'ஏனையோர்' என்றார்.

அந்த முட்டைக்குள்தான்
முதல் நத்தையைப் பார்த்தேன்.
ஏழாம் உலோகப் படலத்தின் மூலையில்,
மின்சாரம் எட்டாத வெற்றிடத்தில்,
முடியின் அகலத்தில் பாதிகூட இராது.
ஓட்டில் நாலு சுருள், கீழே ஓ.கே. என்று இரண்டெழுத்து.
தன் மந்தத்தைத் தானே கிண்டல் செய்தவன்.
அறிக்கையில் அதை நான் சேர்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நத்தைக்குச் சக்கரம் முளைத்திருந்தது.
சுற்றியிருந்த ஊரும் மாறியிருந்தது.
ஒரே பெரிய சில்லைக் கைவிட்டு
சின்னச் சின்னதாய்ப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து,
வீணாவதைப் பாதியாக்கியிருந்தார்கள்.
வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று
முப்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன்.
மேலே இருப்பவர்கள்
இரண்டாம் பக்கத்தோடு நிறுத்துபவர்கள்.

மூன்றாவதில், இறக்கை.

அந்த மாதம் எங்கள் பங்கு
ஒரே இரவில் நூற்றுக்கு இருபத்தொன்று இறங்கியது.
முதலில் பழக்கூடை போனது.
பிறகு ஈவுத்தொகை.
பிறகு நான்காம் மாடி, விளக்குகளோடு.
ஹாஸ்ஸோ தன் கோப்பையைக் கழுவி
யாருடையது என்று தெரியாதவனைப் போல
அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.
அடுத்த வியாழன் என் முறை.

எல்பேக்கு அக்கரையில் நேர்காணல்.
கூரைக்கு மேலே கட்டுமானக் கிரேன்கள், வரவேற்பறையில் புதுக் கம்பளத்தின் வாசம்.
எங்கள் பொருளைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள்.
உங்களைவிட அதிகம் என்று சொல்லவில்லை.
நத்தையை வரைந்தவர் யார்? அவரைப் பார்க்க முடியுமா?

மூவரில் இளையவர் மேசையைப் பார்த்தார்.
'ஓர்ட்வின். நாலு வருடம் முன்பே அனுப்பிவிட்டோம்.
அது மோசமான வருடம்.'

இறக்கை வைத்தது இந்த வருடம்தானே என்றேன்.
'ஒரு செயலி
பலகையிலிருந்து கடைக்கு வர நாலு வருடம் ஆகும்.
உங்களுக்குத் தெரியாததா.'

தெரியும்.
விதைத்தவனை அனுப்பிவிட்டு அறுத்த விளைச்சலுக்கு
அன்று மாலை ஷாம்பெயின் உடைத்தார்கள்.
எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார்கள்.
குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது பத்தொன்பது நிமிடம் முன்பாகவே
டிராமிலிருந்து இறங்கிவிடுகிறேன்.
அதே கடை, அதே வரிசை.
வாங்குவது மட்டும் என் பழைய வீட்டுச் சரக்கு,
போன மாதத்தைவிடத் தொண்ணூறு யூரோ மலிவு.
நோக்கம்: அழித்தல்.

ஏழாம் படலம் வரை தேய்த்துவிட்டு
மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.
எங்கள் ஆட்களுக்கு வரைய அனுமதி இருந்ததில்லை.
இருந்தும் விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்க்கிறேன்.