மூச்சை விட்டால் இறங்கும்

எலும்பெல்லாம் சரி என்றது எக்ஸ்ரே.
கழுத்தடியில் நரம்புகள்
பிடுங்கிய நாற்றுப் போல
தண்டுவடத்தை விட்டுக் கழன்று கிடந்தது
பிறகு, ரங்கூன் போனபோது தெரிந்தது.
முடோன் ரோட்டில், மழை ஓய்ந்த நேரம்.
வண்டி நான்தான் ஓட்டினேன்.
பின்னால் நாய் ஓன்.

நாய் என்றால் மோன்காரர்களிடம் மரியாதைச் சொல்.
எங்கள் பாஷையில் அது வாலாட்டும் என்று
சொன்ன நாளிலிருந்து
என்னைக் கண்டால் இடுப்பை ஆட்டுவான்.

ரப்பர் நாற்றுப் பண்ணையில்
கன்றுக்கு மொட்டு ஒட்டுகிறவன் நான்.
குனிந்தால் சாயங்காலம் இருநூறு கன்று.
இடது கை பிடிக்கும், வலது கை கீறும்.
இப்போது வலது கை
யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பை,
போகிற இடமெல்லாம் சுமக்கிறேன்.

"எத்தனை மாசம் ஆச்சு?" டாக்டரம்மா கேட்டார்.
நாலு.
"ஆறு தாண்டினால் தசை காத்திருக்காது."
விலா இடுக்கில் மூச்சுக்கு ஏவல் செய்யும் நரம்பில்
மூன்றை எடுத்துக் கைக்குக் கொடுப்பாராம்.
ஒட்டுக்கட்டு மாதிரியா என்றேன்.
இல்லை என்றார் யோசித்து.
மொட்டு வைத்தால் மரமே மொட்டின் ஜாதி.
இதில் கை உன் கைதான்,
கூப்பிடுகிற குரல்தான் வேறு.

அப்போ மூச்சுக்கு?

மூச்சுக்கு நிறைய ஆள் உண்டு, பயப்படாதே.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
பவுனம்மா தையல் டேப்பை எடுத்து
அக்குளிலிருந்து புஜம் வரை வைத்துப் பார்த்தாள்.
பதினாறு சென்டி. நூற்றறுபது நாள்.
அரிசிக் கடைக் காலண்டரில் வட்டம் போட்டாள்.
நூற்றறுபதாம் நாள்
கரண்ட் போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

மூச்சை இழு, பிடி, கையை நினை.
மூச்சை இழு, பிடி.
நினைக்கச் சொன்னால் கை நினைவுக்கு வருவதில்லை.
அந்த ரோடு வருகிறது.

பிறகு ஒரு நாள் விடிகாலை என்னை உலுக்கி,
"ராத்திரி தும்முனீங்க, கை துள்ளுச்சு" என்றாள்.
பொய் என்றேன்.
மிளகுப் பொடியை மூக்கில் காட்டினாள்.
துள்ளியது.
இருமினால் மடங்கியது, கொட்டாவி விட்டால் மடங்கியது,
தெருவில் நாலு பேர் சிரிக்க வைத்துச்
சோதித்துப் பார்த்தார்கள்.
முன்கையை அவள் கிள்ளினால் மட்டும்
சுள்ளென்றது விலாவில்.

பதினோரு மாதமாகப் போகாத வீடு ஒன்று இருந்தது.

மீ சான், ஓனின் அம்மா,
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
வெறும் தேயிலைத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.
மோன் பாஷையில் மூன்று வாக்கியம்
பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன்.
வண்டி நான் ஓட்டினேன்.
முதலாவதோடு மூச்சு உடைந்தது.
ஒவ்வொரு விம்மலுக்கும்
மடியில் கிடந்த கை எழுந்தது, விழுந்தது, எழுந்தது.
விரல்கள் அப்படியே தொங்க
முழங்கை மட்டும்
எதையோ தா என்பது போல்.

நான் கேட்கவில்லை அம்மா,
அது மூச்சு செய்கிற வேலை என்று சொல்ல
அந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை இல்லை.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு
என் முன்கையைப் பிடித்தார்.
நெஞ்சில், நாலாவது விலாவுக்கு மேலே,
யாரோ கை வைத்தார்கள்.

மடங்கிய கையை இறக்க
மூச்சை விட்டால் போதும்.
கொஞ்ச நேரம் விடவில்லை.