சாய்மானம்

சாவி வாங்கிய அன்றே வெங்காயம் சொல்லிவிட்டது.
கையிலிருந்து நழுவி
அடுக்களையைக் குறுக்கே கடந்து
வடமேற்கு மூலையில் போய் நின்றது.

வீபே, முப்பத்தாறு வருடம்
ஃப்ரீஸ்லாந்தின் கடலணைகளுக்கு மட்டம் பார்த்தவன்,
ரசமட்டத்தை எடுத்தான். நாலு விரற்கடை இறக்கம்.
"மார்ச்சுக்குள் நிமிர்த்திவிடலாம்."

மார்ச்சில் கூரை ஒழுகியது.
மே மாதம், நகராட்சி கேட்ட முத்திரை
வேறொரு நகராட்சியில் இருந்தது.
கொத்தனார் அதேரிடுவின் 'நாளைக்கு'தான்
போர்ச்சுகீசியத்தில் எங்களுக்குப் பிடிபட்ட முதல் சொல்.
அதன் பொருள் பிடிபட ஆகஸ்ட் ஆயிற்று.
அதற்குள் குளியலறைக்கு ஓடு பதிக்க நான் கற்றிருந்தேன்,
சாந்து குழைக்க அவன்,
ஒரே கட்டிலில் முதுகு காட்டிப் படுக்க
இருவரும்.

அத்திப்பழத்தோடு வந்த பக்கத்து வீட்டு இதலினா
ரசமட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
"இது ஆட்டுக்கொட்டில்.
என் மாமனார் சாய்த்துத்தான் போட்டார்.
மூத்திரம் வழிந்தோட வேண்டாமா?"

அன்றிரவு வீபே ஒன்றும் பேசவில்லை.
காலையில் மேசையின் இரண்டு கால்களை அறுத்தான்.
மதியம் கட்டிலுக்கும் அதே வைத்தியம்.
அடுப்புக்கு மட்டும்
தட்டைக் கல் ஒன்றை அண்டக் கொடுத்தான்.
ரசமட்டம் இப்போது
தக்காளிச் செடிக்கு முட்டு.

டிசம்பரில் மகளைப் பார்க்கப் போனோம்.
லேயுவார்டனில் ஒன்பதாவது மாடி,
தண்ணீர் கொட்டினால் எந்தப் பக்கம் போவதென்று
தெரியாமல் நிற்கும் தரை.
சமைக்கையில் என் கையிலிருந்து வெங்காயம் நழுவியது.
விழுந்த இடத்திலேயே கிடந்தது.

குனிந்து எடுக்கத் தோன்றாமல்
நானும் அவனும்
வடமேற்கு மூலையைப் பார்த்தோம்.