பின் சக்கரத்துக்குப் பதினெட்டு

கரோங்கா பஸ் நிலையத்தில் இறங்கிய ஆசிரியர்
சில்லறையோடு ஒரு வாக்கியமும் தந்தார்:
"உன் சைக்கிள் கல்லை மெல்லுகிறது."

தெரியும்.
மூன்று வாரமாக அது மெல்லுவதை
என் குதிகால் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கைச்
சாக்கில் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள் டுன்டுஃப்யே.
மூடி போட்ட பேரிங்,
ஒன்று ஆறாயிரத்து ஐந்நூறு குவாச்சா.
தூசி புகாதாம். தண்ணீர் புகாதாம்.
என் பழைய ஹப்புக்குள் அதுவும் புகாது.

சரி, முழு ஹப் என்ன விலை?
சொன்னாள்.
கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

சட்டைப்பையில் இரண்டாயிரத்து முந்நூறு.
அதில் ஐந்நூறு மாவுக்கு,
அதை எண்ணவே கூடாது. எண்ணினேன்.

அவள் சாக்கின் ஓரத்திலேயே
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஆக்சிலை உருவ,
எனாமல் தட்டில் கொட்டின
பழைய பால்ரஸ்கள், கறுத்த கிரீஸோடு.
பதினேழுதான்.
ஒருவன் வாடகை தராமல்
எங்கோ இறங்கிவிட்டிருக்கிறான்.

இடது கோனில் நகத்தை ஓட்டினேன்: வழுக்கியது.
வலது கோனில் ஓட்டினேன்:
அம்மை வார்த்த முகம்.

புதுக் குண்டு ஒன்று அறுபது. பதினெட்டுக்கு ஆயிரத்து எண்பது.
கோன் ஆயிரத்து இருநூறு.
இரண்டும் வாங்கினால் மாவு இல்லை.
குண்டு மட்டும் மாற்றினால்
அம்மை முகம் அதையும் தின்றுவிடும்.
கோன் மட்டும் மாற்றினால்
தேய்ந்த குண்டுகள் அதைத் தின்னும்.

"கலந்து போட்டுக்கொள், லுசுங்கு" என்றான்
பக்கத்தில் டயர் ஒட்டுகிறவன்.
கலக்கக் கூடாது.
ஒரே கிண்ணத்தில் ஒன்று மட்டும்
மயிரிழை பெரிதாக இருந்தாலும்
மொத்தப் பாரமும் அதன் தலையில்தான்.
எங்கள் வீட்டில் எட்டுப் பேர்.

பழையதைத் துடைத்து
உடைந்த கண்ணாடித் துண்டில் உருட்டிவிட்டேன்.
நேராக ஓடியவை ஒன்பது. அவை இடப்பக்கத்துக்கு.
குடிகாரன் போல வளைந்தவை எட்டு.
அவற்றை டுன்டுஃப்யேயின் மகன்
கேட்காமலே எடுத்துக்கொண்டான்.
செயின் இழுக்கும் வலப்பக்கத்துக்கு
ஒன்பது புதுசு, ஒரு கோன்.
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
மீதி அறுபதுக்கு
சோடா மூடியில் வழித்துக் கொடுத்தாள் கிரீஸ்.

இறுக்கினேன், சுற்றவில்லை.
தளர்த்தினேன், ஆடியது.
இரண்டுக்கும் நடுவில்
ஸ்பேனரின் கால் திருப்பில் ஓர் இடம் இருக்கிறது,
ஏழு முறை அதைத் தாண்டிப் போனேன்.

நான்கு மணிக்கு ஞாகோண்ட்வே ஏறினாள்,
உசிபா மீன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு.
போன வாரம் இதே சாலையில்
காதைப் பொத்திக்கொண்டு வந்தவள்.
பாலம் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை.
மில் வந்தது, தன் தங்கையின் கடனைப் பற்றிச் சொன்னாள்.
இறங்கி, அதே பழைய வாடகையை எண்ணிக் கொடுத்தாள்.
சத்தம் வராததற்கு யார் காசு தருவார்கள்?

திரும்பும்போது காலி சீட்.
சக்கரம் இருப்பதே தெரியவில்லை.
அந்த அமைதியில்தான் முதல்முறையாகக் கேட்டது,
இடது பெடலில்
க்ளிக்.