ஓட்டைக் கை

ரூஸே நகரத்தின் ஒன்பதாம் எண் டிராலிபஸ்ஸைப்
பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன்.
சம்பளம் பத்தாம் தேதி வரும்.
இருபதாம் தேதி
ரொட்டிக்கடை ஸ்னெஷானாவின் கடன் நோட்டில்
என் பெயர் ஏறும்.
நாற்பத்தோரு வயதுக்கு இது ஒழுங்கான கணக்குதான்
என்றே நினைத்திருந்தேன்.

எங்கே போனது என்று கேட்காதீர்கள்.
மூன்று நிறத்தில் ஒரே பூட்ஸ்.
வெள்ளிக்கிழமை ராக்கியா, மேசைக்கே நான்தான் பில்.
தோற்கும் என்று தெரிந்த அணியின் மேல் பந்தயம்,
பாவம், அதன் மேல் வேறு யாரும் கட்டவில்லை.
அப்புறம் சிகரெட்.
என் பணத்தில் பாதி
டான்யூப் ஆற்றின் மேல் புகையாகத்தான் போனது.

பிப்ரவரியில் தம்பி பிளாமென் போன் செய்தான்.
விடியாத நேரம், டிப்போவில் நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.
"லெல்யா ஆயிட்டே" என்றான்.
அத்தை.
அவன் அழுதானா, லைன் சரியில்லையா, தெரியவில்லை.
உதட்டில் இருந்ததைப் பற்றவைக்காமல்
திரும்பப் பெட்டியில் செருகினேன்.
தியாகமெல்லாம் இல்லை.
கை நடுங்கியது, அவ்வளவுதான்.

ஆனால் அன்று மாலை
ஒரு பெட்டியின் விலை, ஆறு லெவா இருபது,
குடைமிளகாய்த் துவையல் தீர்ந்த ஜாடியில் விழுந்தது.
மறுநாளும்.
எத்தனை கழுவியும் போகாத பூண்டு வாசம்:
இன்றைக்கும் என் சேமிப்புக்கு அந்த வாசம்தான்.

மூன்று முறை தோற்றேன்.
ஒருமுறை ஜாடிக்குள்ளேயே கைவிட்டு
நாற்பது லெவா எடுத்தேன்.
காலினா அப்போது குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள்.
திருப்பி வைத்தபோது வட்டியாக ஐந்து சேர்த்தேன்.
யார் பார்த்தார்கள்? யாருமில்லை.
அதுதான் எனக்குப் புதிது.

எதற்கு இந்தப் பணம் என்று பிளாமென் கேட்டான்.
பல்லுக்கு என்றேன். சைக்கிளுக்கு என்றேன்.
சொல்லாதது இது:
பத்தொன்பது வயதில் ஓர் இரவு
பாலத்தைத் தாண்டிப் போகும் ரயிலுக்காகப்
பையோடு நின்றேன்.
அந்தக் கரை வேறு நாடு, வேறு பாஷை,
என் வீட்டில் இருந்தவனின் கை எட்டாத தூரம்.
டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு லெவா குறைந்தது.
திரும்பிப் போனேன்.
பன்னிரண்டு லெவா.
இன்றைய கணக்கில் இரண்டு பெட்டிகூட இல்லை.
அன்றைய கணக்கில் ஆறு வருஷம்.

ஜனவரியில் நாட்டின் காசே மாறியது.
ஜாடியை அணைத்துக்கொண்டு வங்கி வரிசையில் நின்றேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது லெவா.
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பெண்
ஐந்நூற்று எண்பத்திரண்டு யூரோ, எண்பத்தேழு செண்ட் என்றாள்.
மதிப்பு அதேதான், தெரியும்.
இருந்தும் பாதியாக நின்ற எண்ணைப் பார்த்து
வயிறு கலங்கியது.
புகைத்தே தீர்த்திருக்கலாமோ என்று
ஒரு நொடி, ஒரே நொடி.

மார்ச்சில் குழந்தை நடந்தாள்.
எங்கள் வழக்கப்படி வட்ட ரொட்டியை உருட்டிவிட்டார்கள்.
அது போய் நின்ற இடத்தில் ஒரு துணி,
துணியில் கத்தரிக்கோல், பேனா, கரண்டி, ஊசி நூல்:
எதை எடுக்கிறாளோ அதுதான் தொழிலாம்.
நான் புத்தம்புது ஐம்பது யூரோ நோட்டை வைத்தேன்,
எல்லோரும் பார்க்கட்டும் என்றே.
அவள் நோட்டை மிதித்துக்கொண்டு வந்தாள்,
நேராக என்னிடம்.
தூக்கக் குனிந்தேன்.
கோட்டுப் பையிலிருந்து நழுவியது லைட்டர்,
எட்டு மாதமாக எரியாதது,
எறியவும் எனக்கு மனம் வராதது.
அதை எடுத்தாள். வாயில் வைத்தாள்.
"வெல்டர்! வெல்டர் ஆகப்போகிறாள்!"
அறை முழுக்கச் சிரிப்பு.
பிளாமெனின் மாமியார் மட்டும்
என் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்சில் காயாத லைட்டர் இப்போது ஜாடிக்குள் கிடக்கிறது.
நோட்டில் ஒரு மடிப்பு, குட்டிக் குதிகால் அகலத்துக்கு.
தேய்த்து நீவப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.
நாளை பத்தாம் தேதி.