ஏன் இரண்டு

பல் வைத்தியம் படித்தவள் நான்.
காட்பாடி ரோட்டில் துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில்
இதயங்களைக் கேள்வி கேட்பது வேலை.
ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு.
இலையுதிர்ந்த வேப்பங்கிளை போல
இரத்தக்குழாய்ப் படம் திரையில் வந்து நிற்கும்.
ஈறு பார்த்துப் பழகிய கண்ணால் பார்ப்பேன்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று
வருஷம் பிறக்கும்போதே அரசாங்கம் கட்டிவிடுகிறது.
நோய் எட்டிப் பார்க்காத வீட்டின் பணம் அப்படியே கம்பெனிக்கு.
எட்டிப் பார்த்த வீட்டில்தான் என் வேலை தொடங்குகிறது.
மறுக்காதே என்பார் மேனேஜர் கஜபதி.
மறுத்தால் கலெக்டர் ஆபீசில் மனு விழும், பேப்பர்காரன் வருவான்.
கேள். கேட்டுக்கொண்டே இரு.
கேள்வி கேட்டதற்கு எவனும் கேஸ் போட முடியாது.

முனிரத்தினம், வயது ஐம்பத்தொன்று, மேல்விஷாரம்.
தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை.
இரண்டு அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் கேட்டிருந்தது ஆஸ்பத்திரி.

திங்கள் கேட்டேன்: ஏன் இரண்டு? ஒன்று போதாதா?
நான்கு பக்கம் பதில் வந்தது, படங்களோடு.
செவ்வாய் கேட்டேன்: ரேஷன் கார்டில் முனிரத்னம்,
காப்பீட்டு அட்டையில் முனிரத்தினம். ஒரே ஆள்தானா?
ஒரு ‘தி’ கூடுதலாக இருந்தது.
தாசில்தார் கையெழுத்தோடு அதற்கும் பதில்.
புதன் கேட்டேன்: சிலேட்டோடு எடுத்த படத்தில் முகம் தெளிவில்லை.

படத்தில் அவர்
பெயர் எழுதிய சிலேட்டைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி
நெஞ்சோடு பிடித்திருந்தார்,
சரியாக அந்த இடத்தில்.
முகம் தெளிவாகத்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் காலாண்டுக் கூட்டம்.
நூறு ரூபாய் வாங்கினால் தொண்ணூறு போய்க்கொண்டிருந்தது,
இப்போது எழுபத்தாறுதான் போகிறதாம். கைதட்டல். லட்டு.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
நம்ம புண்ணியத்துல செலவில்லாத அட்டை,
கஜபதி சொல்ல எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் சத்தமாகவே.
லட்டின் முந்திரி கடைவாயில் மாட்டியது.
அங்கே ஒரு சொத்தை இருக்கிறது,
ஆடியிலிருந்து தள்ளிப்போடுகிறேன்.

வியாழன், விதிப்படி நோயாளிக்குப் போன் செய்து கேட்க வேண்டும்:
ஆஸ்பத்திரியில் பணம் ஏதும் வாங்கினார்களா?
எடுத்தது மனைவி, அஞ்சலாட்சி.

இன்னாம்மா, பதிலு வந்துச்சா?
பணம்லாம் ஒண்ணும் வாங்கல.
பெட்டுக்கு ஆளுங்க காத்துகினு கீறாங்கன்னு சொன்னாங்க,
வூட்டுக்கு இட்டாந்துட்டேன், பஸ்லதான்.
ஒரு புள்ள எழுந்து ஜன்னல் சீட்டு குட்த்துது.
நல்லாத்தான் கீறாரு.
படியேறுனா மட்டும் நடுவுல ஒக்காந்துக்குவாரு.
நீ ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கே இட்டுகினு வரேன்.
யாரு பெத்த பொண்ணோ,
நீ நல்லா இருக்கணும்.

கட்டத்தில் தட்டினேன்:
நோயாளி தன் விருப்பத்தின் பேரில் வெளியேறினார்.
கோப்பு பச்சையானது.
எங்கள் கம்ப்யூட்டரில் பச்சை என்றால்
கொடுக்க வேண்டியது எதுவுமில்லை.
அது அன்றைக்கு நாற்பதாவது.

ஏழு மணிக்கும் வெயில் சுவரிலிருந்து இறங்கவில்லை.
கிரீன் சர்க்கிளில் பஸ் வெகுநேரம் நின்றது.
ஒரு வார்த்தை. ஒன்றா, இரண்டா என்றுகூட அவள் கேட்கவில்லை.
அவர் திரும்ப வந்தால் புது எண், புதுக் கோப்பு,
அது என்னிடம் வராமல்
பக்கத்து மேசை ஹோமியோபதிக்காரரிடம் போகலாம்.
அவர் கையெழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பவர்.

இன்று செவ்வாய்.
அவள் அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தால்
என் மேசையில்தான் அடிக்கும்.
அடிக்கத்தான் செய்கிறது, நாளெல்லாம்.
எடுத்ததும் பெயரைக் கேட்பதில்லை இப்போது,
எந்த ஊர் என்று கேட்கிறேன்.