நம்பத்தக்கது, ஆகவே

திருத்துறைப்பூண்டி முன்சீப் கோர்ட்டில்
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் காற்று தரும்.
பிரதிவாதி பக்கம்.

வைரக்கண்ணுவுக்கு மூன்று மாதமாய்ப் பாடம் சொன்னேன்.
கேட்காமல் இறங்கினேன் என்று சொல்லுங்கள்.
ஊரறிய, பட்டப்பகலில்,
‘இது உன் நிலமில்லை’ என்று
உடையவன் முகத்துக்கெதிரே
இருபத்தாறு வருசம் உழுதேன் என்று சொல்லுங்கள்.
அத்துமீறி வந்தவன்
பன்னிரண்டு வருசத்தில் சொந்தக்காரன்.
அனுமதி கேட்டு வந்தவன்
நூறு வருசமானாலும் விருந்தாளி.

"திருடன்னு சொல்லிக்கிட்டா நிலம் எனக்கு.
அப்படித்தானேம்மா?"
அப்படியில்லை என்று சொல்ல
எந்தத் தீர்ப்புத் தொகுதியிலும்
எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

கூண்டில் ஏறினார்.
சத்தியம் வாங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.
குறுக்கு விசாரணை ஒரே கேள்வி:
அந்த மூன்று மா நிலத்தில் எப்படி இறங்கினீர்?
"கேட்டுத்தான்.
பெரிய மிராசு மதகுல நின்னாரு.
உளுந்தாவது தெளிச்சுக்கறேன்னேன்.
தெளின்னாரு."
நான் பேனாவை மூடினேன்.

மிராசின் மகன், பிரதிவாதி,
வருசந்தவறாமல் அறுப்புக்கு வந்தேன் என்றார்.
நிலத்துக்குக் கோரையாறு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
கிழக்கே என்றார்.
தண்ணீர் குடித்துவிட்டு, மேற்கே என்றார்.

ஆனியில் தீர்ப்பு.
"பிரதிவாதியின் சாட்சியத்தை
இந்நீதிமன்றம் நம்பவில்லை.
வாதியின் சாட்சியம்
முழுவதும் நம்பத்தக்கது.
ஆகவே,
வாதியின் வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது."

அந்த ‘ஆகவே’யில் நீதிபதி கொஞ்சம் நின்றார்,
பலகை போட்ட மதகில் தண்ணீர் நிற்பதுபோல.
பிறகு அடுத்த வழக்கெண்ணைக் கூப்பிட்டார்கள்.

"நான் சொன்னது நெசம்னு எழுதியிருக்காரா?"
எழுதியிருக்கிறார்.
"முத்திரை வச்சுத் தருவாங்களா?"
நகல் மனுவில் வில்லை ஒட்டினேன்.
காசு வேண்டாமென்றேன், கேட்கவில்லை.
இடுப்பு மடிப்பிலிருந்து எண்ணிக் கொடுத்தார்.

வெளியே, புளியமரத்தடியில்,
மேட்டூர்த் தண்ணி ராத்திரியே வந்துடுச்சு என்று
யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தான்.
"நாத்தங்கால் உழுது வச்சிருக்கேனேம்மா.
இந்த வருசத்துக்கு யாரைக் கேக்கணும்?"

யாரையும் கேட்காதீர்கள், என்றேன்.
கேட்காமல் இறங்குங்கள்.
இன்றையிலிருந்து புதுக்கணக்கு.

கட்டை வண்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினால்
அவர் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தார்.
பிரதிவாதியின் காரில்
ஏற்றிவிட்ட கண்ணாடியை
விரல் கணுவால்
தட்டிக்கொண்டிருந்தார்.