பத்துக் கிலோ கணக்கு

எடைமேடை பத்துப் பத்தாகத்தான் பேசும்.
அறுபது டன்னுக்கு வார்த்தது.
நாலு கிலோவெல்லாம் அதன் காதில் விழாது.
கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
ரசீது கிழிப்பது என் வேலை.

பாலக்காட்டில் குடல் தைத்து அனுப்பிய அன்று
ஆறுச்சாமி ஆட்டோவை விட்டு இறங்கி
வீட்டுக்குப் போகாமல் மேடையில் ஏறி நின்றார்.
நாற்பது என்றது சிவப்பு எழுத்து.
மூட்டையே அம்பது இருக்குமேடி என்றார்.

ஆஸ்பத்திரிச் சீட்டு மலையாளத்தில்.
பேச்சு புரியும் எனக்கு, எழுத்து சுருண்டு கிடக்கும்.
கிளீனர் பையன் ரஷீது
லாரி விளக்கில் பிடித்து வாசித்தான்:
ரெண்டு மணிக்கொரு தரம், கொஞ்சம் கொஞ்சமாய்.
குழைந்த சோறு. பாசிப்பயறு வெந்த நீர்.
முட்டையில் வெள்ளை மட்டும், தினம் மூணு.
எரிவு ஆகாது.
வயிற்றெரிச்சல் என்றே நினைத்தேன்.
காரம் சேச்சி, காரம் என்று சிரித்தான்.

நாமக்கல் முட்டையெல்லாம்
என் ஜன்னலைத் தாண்டித்தான் கேரளம் போகிறது.
எத்தனை டன் என்று கேட்டால் சொல்வேன்,
ஒன்று என்ன விலை என்று கேட்டதில்லை அதுவரை.
செங்கோடன் கீறல் விழுந்ததாய்ப் பார்த்து
அட்டையோடு இறக்கி வைத்தார்.
காசு அப்புறம் என்றார்.
அப்புறங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

வெள்ளை அவருக்கு, மஞ்சள் தரணிகாவுக்கு.
மூணாம் வாரம் அவள் கேட்டாள்,
அப்பாவுக்கு நல்லாயிட்டா
எனக்கு மஞ்சள் நின்னுடுமா?

அன்றைக்கே அவரும் சட்டியைத் தள்ளினார்.
வெந்த தண்ணி குடிக்க நானென்ன கன்னுக்குட்டியா,
கொள்ளுப்பருப்பு கடைஞ்சு வை.
சிந்தியதைத் துடைத்துவிட்டு
மறுபடி பயறு போட்டேன்.
உலை கொதிக்குமட்டும் இருவரும் பேசவில்லை.
ஷிஃப்டுக்கு நடுவே ஓடிவந்த மூச்சு
எனக்கு இன்னும் இறங்கவில்லை.

வாரா வாரம் ஏறி நின்றார்.
நாற்பது. நாற்பது.
தையல் காய்ந்தது அதற்குத் தெரியாது.
குடத்தைத் தானே தூக்கிப் பாதி வழி வந்து
வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது தெரியாது.
மறுநாள் முக்கால் வழி.
நாற்பது.

நேற்று அந்தியில் எழுத்து ஆடியது.
நாற்பது, அம்பது, நாற்பது,
அம்பதில் நின்றது.
அவர் மூச்சைப் பிடித்து நின்றிருந்தார்,
விட்டால் குறைந்துவிடும்போல.

பிறகு இறங்கி என்னைப் பார்த்தார்.
தோள் எலும்பைப் பார்த்தார்.
நீ ஏறு.

பின்னால் இளநீர் லோடு ஹாரன் அடித்தது.
வண்டி நிக்குது என்றேன்.
உள்ளே போய்
ரசீது கிழித்தேன்.